நாக்குக்குத் தெரியாத தண்ணீர்

டாக்ஸியில் நான்காவது ஆளாக உச்சிவா ஏறி உட்கார்ந்தபோது வானொலி அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லவில்லை, பதினாறு வருடமாக அவள் வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னது. ஜெனீவா மேட்டில் ஒன்பது குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் கலப்பது காரணமாக இருக்கலாம் என நகராட்சி சந்தேகிக்கிறது. மறு அறிவிப்பு வரும்வரை நீர் மீட்பு நிலையம் மூடப்படுகிறது. அதற்கடுத்து மாட்டுச் சந்தை நிலவரம் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் டிரைவர். "கக்கூஸ்ல போனத குழாய் வழியா திருப்பி விட்டா வேற என்ன ஆகும்? நாய்கூட அப்படிக் குடிக்காது."

"தலைநகர்ல அம்பது வருஷத்துக்கு மேல குடிக்கிறாங்க," என்றான் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன். "எங்க அத்தை அங்கதான் இருக்கா. கல்லு மாதிரி இருக்கா."

"உங்க அத்தை தண்ணி குடிக்கிறாளா, பியர் குடிக்கிறாளா, அதச் சொல்லு மொதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். முன்சீட்டில் இருந்த சர்ச் சீருடைக்காரம்மா மட்டும், "பச்சப் புள்ளைங்க. இந்தப் பாவம் யாரச் சேரும்?" என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னார்.

"மேமே, நீங்க எங்க எறங்கணும்?" கண்ணாடியில் உச்சிவாவைப் பார்த்துக் கேட்டார் டிரைவர். அம்மா என்பதை அங்கே 'மேமே' என்பார்கள்.

"நிலையத்துல."

"எந்த நிலையம்?"

"இப்ப சொன்னாங்களே, அதுதான். அந்தத் தண்ணியச் சோதிச்சு கையெழுத்துப் போடுறவ நான்தான்."

சிரிப்பு நின்றது. அதுவரை அவளுக்காகப் பேசிய அந்தக் கல்லூரிப் பையன், தன் முழங்காலை அவள் முழங்காலிலிருந்து ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டான். அவனுக்கே தெரியாமல் நடந்திருக்கும். டிரைவர் பேசியது அவளுக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு விரற்கடை வலித்தது.

இறங்கும்போது கைப்பேசியில் தங்கை கோவியின் செய்தி வந்திருந்தது. கோவியின் வீடு ஜெனீவா மேட்டில்தான். 'ரெனாத்தே ஆஸ்பத்திரியில். டிரிப் ஏத்திருக்காங்க. உன் தண்ணிதான் அக்கா.'

கோவியின் மகள் ரெனாத்தேவுக்கு மூன்று வயது.

*

நிலையத்தின் வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஓசை இல்லை. கிருமி கொல்லும் ஓசோன் கூடத்தின் முனகலும் பெரிய பம்புகளின் உறுமலும் அவளுக்குத் தன் வீட்டுச் சமையலறைச் சத்தம் மாதிரி. இருக்கும்போது காதில் விழாது, நின்றுபோனால்தான் தெரியும். பதினாறு வருடத்தில் ஒரே ஒரு முறை அது நின்றிருக்கிறது. நிறுத்தியவள் அவளே. பதினோரு வருடம் முன்பு ஒரு சோதனைப் புட்டி கிருமி இருப்பதுபோல் லேசாக மஞ்சளாகியது. அவள் ஊருக்குப் போகும் வால்வை மூடச் சொன்னாள். இரண்டு நாள் ஊரே அவளைத் திட்டியது. கடைசியில் புட்டியின் மூடி சரியாகக் கழுவப்படாததுதான் காரணம் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த இரண்டு நாளுக்காக அவள் ஒருபோதும் வருந்தியதில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் அவள் இருக்கிறாள்.

இன்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. யாருக்கு வந்தது?

அடைகாப்புப் பெட்டியைத் திறந்து நேற்றைய புட்டிகளை வெளியே எடுத்தாள். நிலையத்திலிருந்து வெளியேறும் நீர், நீர்த்தேக்கத் தொட்டி, ஊர்க் குழாய்கள் நான்கு. நேற்றுக் காலை தண்ணீரோடு சோதனைத் தூளைக் கலந்து வைத்தவை. கிருமி இருந்தால் ஒரு நாளில் மஞ்சளாகும். அது மலத்திலிருந்து வந்த கிருமியாக இருந்தால் ஊதா விளக்கின் கீழே நீலமாக ஒளிரும். ஆறு புட்டியும் நிறமில்லாமல் இருந்தன. விளக்கைப் பிடித்தாள். இருட்டாகவே இருந்தன. முந்தைய நாள் குறிப்பு, அதற்கு முந்தைய நாள், பத்து நாள் பின்னோக்கிப் புரட்டினாள். எல்லாம் சுத்தம். ஆனால் அந்த நான்கு ஊர்க் குழாய்களில் ஜெனீவா மேட்டுக் குழாய் இல்லை. மேட்டுக்கு மாதம் ஒருமுறைதான் போவார்கள். கடைசியாகப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த இடைவெளியின் மேல் விரலை வைத்து நின்றாள். கோபத்தின் அடியில் பயம் இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருந்தது.

மேலாளர் பெர்ட்டஸ் கதவைத் தட்டாமல் வந்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. கையில் ஒரு தாள்.

"உச்சிவா, கவுன்சிலர் எவால்ட் ஆபீஸ்லேருந்து வந்துருக்கு. நாளைக்கு மத்தியானம் மேட்டு சர்ச்சுல கூட்டம் வைக்கிறாரு. அதுக்குள்ள நம்ம அறிக்கை வேணுமாம்."

"அறிக்கை தயாரா இருக்கு சார். ஆறும் சுத்தம்."

"அது தெரியும். இதுல பாரு." தாளில் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். முடிவு என்ற கட்டத்தில் 'சந்தேகத்திற்குரியது, மறுசோதனை தேவை' என்றிருந்தது. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கான கோடு.

"யாரு சார் சந்தேகப்பட்டது?"

"ஒரு வார்த்தைதானம்மா. தப்புன்னு எழுதச் சொல்லல, கெட்டுப் போச்சுன்னு எழுதச் சொல்லல. ஒரு வாரம் மூடி வைப்பாங்க, கழுவிட்டோம்னு சொல்லித் திறப்பாங்க. ஜனங்களுக்கும் திருப்தி. யாருக்கு என்ன கஷ்டம்?"

"நாம மூடினா ஊர்ல தண்ணி குறையும். குறைஞ்சா மொதல்ல எந்தக் குழாய மூடுவாங்க?"

இருவருக்கும் தெரியும். மழை பொய்த்த வருடம். அணையில் சேறுதான் மிச்சம். தண்ணீர் குறையும்போதெல்லாம் மேட்டுக் குழாய்தான் முதலில் நிற்கும்.

"புள்ளைங்க எதக் குடிச்சு படுத்துச்சோ அத இன்னும் குடிச்சிட்டு இருப்பாங்க சார். நான் சந்தேகம்னு எழுதிட்டா அத யாரும் தேடவே மாட்டாங்க. கெடச்சாச்சே காரணம்!"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சுச் சொல்லு," என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் யோசிக்கவில்லை. குளிர்ப்பெட்டியில் ஆறு காலிப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினாள்.

*

ஜெனீவா மேட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவன் யாரோ கிண்டல்காரன். செம்மண் சரிவு முழுக்கத் தகரக் குடிசைகள். அடிவாரத்தில் வறண்ட ஆறு. நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய்.

உச்சிவா முதலில் குழாயிடம் போனாள். திருகினாள். காற்றுகூட வரவில்லை. குழாயின் கழுத்தில் சிலந்தி ஒன்று வலை பின்னி, அதில் பிடித்த ஈயைத் தின்றும் முடித்திருந்தது.

அவளுடைய நெஞ்சில் ஏதோ ஒன்று மெல்ல இளகுவதை உணர்ந்தாள். என் தண்ணீர் இங்கே வரவே இல்லை. உடனே வெட்கமாக இருந்தது. ஒன்பது குழந்தைகள் படுத்திருக்கிறார்கள். தன் தண்ணீர் தப்பித்ததில் அவளுக்கு ஆறுதல். அவள் கோபப்படுவது குழந்தைகளுக்காகவா, தன் கையெழுத்துக்காகவா? இந்தக் கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். அது போகவில்லை, கூடவே நடந்து வந்தது.

கோவி குடிசை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக. அக்காவைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"எப்படி இருக்கா?"

"கண்ணு உள்ள போயிருச்சு. அழுதா கண்ணீர் வரல. டாக்டர் சொன்னாரு, இன்னும் அரை நாள் லேட்டா கொண்டு வந்துருந்தா..." கோவி ஒரு சின்னச் சட்டையை உதறினாள். "எல்லார்கிட்டயும் எங்க அக்கா அங்கதான் வேலை பாக்குறா, எங்க அக்கா பாத்து விடுற தண்ணின்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க."

"கோவி, குழாய்ல எப்ப கடைசியா தண்ணி வந்துச்சு?"

"ஏன்?"

"சொல்லு."

"சுதந்திர தின விழாவுக்கு மொத நாள்லேருந்து இல்ல. பத்து நாளாச்சு."

"அப்போ புள்ளைக்கு எதக் குடுத்த?"

கோவி மடிப்பதை நிறுத்தினாள். "ஆத்துலதான். மணல்ல தோண்டுனா ஊறுது. நல்லாத்தான் இருக்கு. மண்ணு வடிகட்டிக் குடுக்குற தண்ணி. மேட்டுல எல்லாருமே அததான் குடிக்கிறோம். முன்னாடி குழாய்ல வந்த உன் தண்ணி கொஞ்சம் வயித்துல இருந்துருக்கும், அதுதான் புள்ளைங்களப் படுக்க வெச்சிருச்சுன்னு நெனச்சோம்."

"பத்து நாள் முன்னாடி குடிச்சதா?"

"எனக்கு என்னடி தெரியும்? ரேடியோல சொல்றாங்க!" 'அக்கா' போய் 'டி' வந்தால் கோவி உடைந்துவிட்டாள் என்று அர்த்தம். "நான் கண்ண மூடிக்கிட்டா குடுத்தேன்? நம்ம வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கேனையும் நான் மொதல்ல குடிச்சுப் பாத்துட்டுத்தான் அவளுக்கு ஊத்துனேன். ஒரு மணி நேரம் காத்திருப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் குடுத்தேன்."

அவர்கள் இருவரும் மாடு மேய்க்கும் ஹெரேரோ இனத்துப் பெண்கள். முன்னோருக்கான புனித நெருப்பைக் காக்கும் வீட்டில் பிறந்தவர்கள். கறந்த பாலைப் பெரியவர் முதலில் வாயில் வைத்துப் பார்த்து விடுவித்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். ருசி பார்த்தவர் அந்தப் பாலுக்குத் தன்னைப் பிணையாக வைக்கிறார். நகரத்துக்கு வந்து பால் பாக்கெட்டில் வரத் தொடங்கிய பிறகும் கோவி அதை விடவில்லை. மாட்டுக்கும் பாலுக்கும் ஆனதைத் தண்ணீருக்கும் வைத்துக்கொண்டாள். தன் உடம்பைப் பிணை வைத்துத் தன் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். அந்த உடம்பு முப்பத்திரண்டு வயதுக்காரியின் திடமான உடம்பு. அது தாங்கிக்கொண்டது.

நாக்கு ஒன்றும் சொல்லாது, கோவி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"எங்க தோண்டுறீங்க? காட்டு," என்றாள்.

ஆற்றுமணலில் பதினைந்து இருபது குழிகள். ஒவ்வொன்றையும் முள்கிளையால் மூடி, மாடு விழாதபடி அழகாகப் பாதுகாத்திருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. உச்சிவா மூன்று குழியில் புட்டிகளை நிரப்பினாள். பிறகு ஆற்றின் போக்குக்கு எதிராக மேலே நடந்தாள். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேல் ஊரின் சாக்கடைத் தொட்டி ஒன்றின் இரும்பு மூடி கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து வழிந்தது மணலில் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மணல் மேலே காய்ந்து, சுத்தமாக, அப்பாவியாக இருந்தது.

*

"பத்து நாளா மேட்டுப் பம்பு ஓடலையே, ஏன்?" என்று திரும்பி வந்ததும் நஃப்தலிடம் கேட்டாள். நஃப்தல் நிலையத்தின் பம்பு இயக்குநர். பேச்சுக்கு ஒரு கேலி இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது.

"மேமே, அது லீவுல போயிருக்கு."

"நஃப்தல்."

"சத்தியமா. நகராட்சி வாசல்ல புது நீரூத்து பாத்தீங்கல்ல? சுதந்திர தின விழாவுக்குத் திறந்தாங்களே, கலர் கலரா லைட்டு போட்டு. அதுக்கு வாங்குன பம்பு கப்பல்லயே நிக்குதாம். நம்ம மேட்டுப் பம்பு அதே அளவு. மூணு நாளைக்குக் குடுன்னாங்க. நான்தான் கழட்டி வண்டில ஏத்துனேன்." அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டான். "மூணு நாள்தான்னு சொன்னாங்க மேமே. ரெண்டு தடவ ஞாபகப்படுத்துனேன். பேப்பர் வரணும்னாங்க."

உச்சிவா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நீரூற்றை அவளும் பார்த்திருக்கிறாள். வறட்சி வருடத்தில் இது என்ன கூத்து என்று நினைத்தாள். ஆனாலும் ஒரு நிமிடம் நின்று ரசித்தாள். அது மேலே வீசி எறிந்து விளையாடியது அவள் சோதித்து விடுவித்த தண்ணீரைத்தான். மேட்டுக்குத் தண்ணீரை ஏற்றவேண்டிய சக்தியால் அது நகராட்சி வாசலில் துள்ளிக்கொண்டிருந்தது.

"எவால்ட்டுக்குத் தெரியுமா?"

"அவருதானே கையெழுத்துப் போட்டாரு."

அப்படியென்றால் சந்தேகம் என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மக்களுக்கு ஏற்கெனவே அருவருப்பு இருக்கிறது. அதை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை, கொஞ்சம் ஊதிவிட்டால் போதும். ஒரு பம்பை மறைக்க, பதினாறு வருடத்தைக் கொளுத்தினால் போதும்.

ஆற்றுப் புட்டிகளில் தூளைக் கலந்து பெட்டியில் வைத்து மூடினாள். கூடவே நிலையத்தின் வெளிக்குழாயில் நின்ற நீரும் தேக்கத்தொட்டி நீரும், புதிதாக. அவளுக்கு விடை தெரியும். இருந்தாலும் காத்திருக்க வேண்டும். கோபத்தை அடைகாப்புப் பெட்டியில் வைத்துச் சோதிக்க முடிந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். எது நியாயம், எது கர்வம் என்று ஒரு நாளில் நிறம் மாறிக் காட்டிவிடும். ஆஸ்பத்திரியில் ரெனாத்தேவின் கட்டிலருகே மாலை முழுக்க உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சின்ன உள்ளங்காலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவள் தன்னிடம் ஒத்துக்கொண்டாள்: இரண்டும்தான். கர்வமும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கர்வம் இல்லாத ஒருத்தி அந்தத் தாளில் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

*

மேட்டு சர்ச் என்பது நான்கு தகரச் சுவரும் ஒரு தகரக் கூரையும். மறுநாள் மத்தியானம் அதற்குள் இருநூறு பேர் இருந்தார்கள். வாசலில் ஒரு லாரி நிறைய பாட்டில் தண்ணீர். கவுன்சிலர் எவால்ட் வெள்ளைச் சட்டையில், கைகளை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் உங்க வீட்டுப் புள்ள. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க உங்களுக்கு எதக் குடிக்கக் குடுக்குறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சதும் அதே நிமிஷம் மூடச் சொன்னேன். கக்கூஸ் தண்ணிய எம் ஜனங்க குடிக்கணுமா? நிபுணர் அறிக்கையும் வந்துட்டிருக்கு." அவர் கண் பெர்ட்டஸைத் தேடியது. பெர்ட்டஸ் ஓரமாக நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிக்கை இங்க இருக்கு," என்று உச்சிவா எழுந்தாள்.

"நீங்க யாரு மேமே?"

"நான்தான் கக்கூஸ் தண்ணிக்காரி."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எதிராக இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியம். "கதவச் சாத்துங்க. ஜன்னலுக்குத் துணி போடுங்க. கொஞ்சம் இருட்டு வேணும்."

என்ன என்று புரியாமலே மக்கள் செய்தார்கள். தகரக் கொட்டகை இருட்டியது, வேகும் சூடு. உச்சிவா புட்டிகளைப் பிரசங்க மேசையில் வைத்து, ஊதா விளக்கை எரியவிட்டாள்.

"இது எங்க நிலையத்துலேருந்து வெளிய போற குழாய்ல நின்ன தண்ணி. நேத்து எடுத்தது." ஒன்றும் தெரியவில்லை. "இது தேக்கத்தொட்டி." ஒன்றும் தெரியவில்லை. "மலத்துலேருந்து வர்ற கிருமி இருந்தா நீலமா எரியும். இப்ப இதப் பாருங்க."

மூன்றாவது புட்டி நீலமாக எரிந்தது. நான்காவதும், ஐந்தாவதும். அழகான நீலம். ஒரு குழந்தை "ஓ!" என்றது.

"இது எங்கேர்ந்து?" யாரோ கேட்டார்கள்.

"உங்க ஆத்து மணல்லேருந்து. மேல சாக்கடைத் தொட்டி வழியுது. எங்க நிலையத்துக்குள்ள வர்ற தண்ணியும் இப்படித்தான் எரியும். அத ஓசோன்ல போட்டு, கரியில விட்டு, சவ்வுல வடிச்சு, குளோரின் போட்டு, அப்புறமும் நம்பாம நான் தினமும் சோதிச்சுத்தான் விடுறேன். உங்க புள்ளைங்க குடிச்சது நாங்க சுத்தம் பண்ண தண்ணி இல்ல. யாரும் சுத்தம் பண்ணாத தண்ணி."

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எவால்ட் அதற்குள் சுதாரித்துவிட்டார்.

"இதத்தான் நானும் எத்தன தடவ சொன்னேன், ஆத்துல எடுக்காதீங்கன்னு. ஜனங்க கேக்கணுமே. உங்க தப்புக்கு..."

"பத்து நாளா குழாய்ல என்ன வந்துச்சு?" கோவிதான். கூட்டத்தின் நடுவே நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். "எங்க தப்பா? குழாய்ல சிலந்தி குடித்தனம் நடத்துது!"

"பம்பு பழுது. ரிப்பேர்..."

"பழுதில்ல தலைவரே." பின்வரிசையிலிருந்து நஃப்தல். இந்த முறை குரலில் கேலி இல்லை. "நல்லா ஓடுது. உங்க நீரூத்துல. நான்தான் தூக்கிட்டுப் போனேன். என்னையும் சேத்து ஏசுங்க."

மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீண்ட தலைக்கட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "அட கடவுளே, அது முன்னாடி நின்னு நான் போட்டோ புடிச்சிக்கிட்டேனே!" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

கோவி தன் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஆற்றுத் தண்ணீர். ஒரு குவளையில் ஊற்றி எவால்ட்டிடம் நீட்டினாள். "நம்ம வழக்கத்துல பெரியவங்கதான் மொதல்ல ருசி பாக்கணும். எங்க வீட்டுப் புள்ளன்னீங்களே. பாருங்க."

எவால்ட் குவளையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் நடந்த கணக்கை உச்சிவா அருகிலிருந்து பார்த்தாள். அவர் மறுக்கப் போவதில்லை. குடிக்கப் போகிறார். ஒரே மடக்கில் குடித்து, 'உங்க தண்ணிய நானும் குடிச்சேன்' என்பார். நாளைக்கு நன்றாக எழுந்து நடமாடுவார். வானொலி அதைச் சொல்லும். அவர் குவளையை வாங்கி உதட்டுக்குக் கொண்டு போனார். யாரோ கைதட்டவே தொடங்கிவிட்டார்கள்.

உச்சிவாவின் கை அவளைக் கேட்காமல் நீண்டது. குவளையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது.

"குடிச்சுக் காட்டாதீங்க!" அவளுக்கே தெரியாத குரல். "குடிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் பிரச்சனையே! என் தங்கச்சியும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தா. அவளுக்கும் ஒண்ணும் ஆகல. புள்ள ஆஸ்பத்திரில கெடக்கு. நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. நீங்க குடிக்க வேணாம், நான் குடிக்க வேணாம், எந்த மந்திரியும் மேடையேறிக் குடிக்க வேணாம். பம்பத் திருப்பிக் குடுங்க. சாக்கடைய அடைங்க. மேட்டுக் குழாய வாரா வாரம் சோதிக்க எனக்கு வண்டி குடுங்க. அவ்வளவுதான்!"

சொல்லி முடித்ததும்தான் கோவியைப் பார்த்தாள். கோவி கேனைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். ஒரு நாளாக உச்சிவா எப்படிச் சொல்வது என்று தவித்த வாக்கியத்தை, இருநூறு பேர் முன்னால் கத்திச் சொல்லிவிட்டாள். கோவி கேனைச் சாய்த்தாள். அவ்வளவு தண்ணீரும் சர்ச்சின் மண்தரையில் ஓடியது. யாரும் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

*

மறுநாள் காலை பம்பு மேட்டுக்குத் திரும்பியது. நீரூற்று நின்றது. அன்று மாலையே வானொலி சொன்னது: கவுன்சிலரின் உடனடி நடவடிக்கையால் மீட்பு நிலையம் முழுமையாகக் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது, தண்ணீர் இப்போது பாதுகாப்பானது.

"கழுவிட்டாங்களாம்!" என்றான் நஃப்தல். "நான் ஒரு வாளி தண்ணிகூட ஊத்தல மேமே."

பெர்ட்டஸ் மறுதொடக்கப் படிவத்தைக் கொண்டுவந்தார். 'நிறுத்தத்திற்கான காரணம்' என்ற கட்டத்தில் அச்சடித்திருந்தார்கள்: நீரின் தரம் குறித்த சந்தேகம்.

உச்சிவா அந்த வரியை ஒரே கோட்டால் அடித்தாள். மேலே எழுதினாள்: 'நீரின் தரத்தில் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை. மேட்டுப் பம்பு நீரூற்றுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பத்து நாள் மேட்டுக்குத் தண்ணீர் இல்லை. மக்கள் சாக்கடை கலந்த ஆற்றுநீரைக் குடித்தார்கள்.' தேதி. கையெழுத்து.

"இது கோப்புக்குள்ள போகப்போகுது," என்றார் பெர்ட்டஸ். குரலில் கோபம் இல்லை, அயர்ச்சி. "யாரு படிக்கப் போறாங்க?"

"ஒரு நகல் எடுத்துக்கறேன் சார்."

அவர் நகல் எடுக்கும் இயந்திரத்தைத் தானே போய் இயக்கிவிட்டார். அவரால் முடிந்த துணிச்சல் அதுதான் என்று உச்சிவாவுக்குத் தோன்றியது. அதைக் குறைத்து மதிப்பிட அவள் விரும்பவில்லை.

நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேட்டுக் குழாயின் கம்பத்தில் கட்டினாள். அடுத்த நாள் அதைக் காணோம். நகராட்சிச் சீருடையில் ஒருவன் கிழித்ததைப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் அவள் புதுப் புட்டிகளோடு போனபோது கம்பத்தில் ஓர் அட்டை தொங்கியது. சமையல் கொழுப்பு டின்கள் வந்த பெட்டியின் அட்டை. கோவியின் கோணல் எழுத்து. உச்சிவா எழுதிய அத்தனையும் ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. கீழே கோவி தன் பங்குக்குச் சேர்த்திருந்தாள்: 'ஒன்பது பிள்ளைகள்.' ஒன்பது பெயரும். ஏழாவது ரெனாத்தே.

கோவி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில், இன்னும் கன்னம் ஒட்டிய ரெனாத்தே. குழந்தை தண்ணீருக்குக் கை நீட்டியது. கோவி பழக்கத்தில் குவளையைத் தன் வாய்க்குக் கொண்டு போனாள், பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, இன்னிக்குப் புட்டி?"

"நேத்து எடுத்தது சுத்தம். இப்ப எடுக்குறது நாளைக்குத் தெரியும்."

"நேத்து சுத்தம்," என்று கோவி குழந்தையிடம் சொன்னாள். குவளையைக் கொடுத்தாள். பிறகு திரும்பி, கேன்களோடு நின்றவர்களிடம் சத்தமாக, "அந்த அட்டைய எவனாவது தொட்டான்னா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லிருங்க. எங்கிட்ட இன்னும் நாலு அட்டை இருக்கு," என்றாள்.